நனைந்த கட்டும் பென்சில் நோட்டும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர் மதுரையிலிருந்து பதில் எழுதும் பகுதி

கேள்வி: டீச்சர், வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் கடைசி ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஆறு கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருக்கும் 120 பெண்களைச் சந்தித்துப் பேசி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உசிலம்பட்டியில் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கிப் பையைத் திறந்தால், தண்ணீர் பாட்டில் மூடி கழன்று லேப்டாப் முழுக்க ஈரம். பதறிப்போய் அங்கேயே ஆன் பண்ணினேன். ஒரு தடவை வெளிச்சம் வந்தது, அப்புறம் வரவே இல்லை. அட்டவணைகள், எழுதி முடித்த மூன்று அத்தியாயம், எல்லாம் அதில்தான் இருந்தன. நிரப்பி வாங்கிய கேள்வித்தாள்கள் மட்டும் வீட்டில் மூட்டையாகக் கிடக்கின்றன. அப்பா கடன்பட்டு வாங்கித் தந்த லேப்டாப் என்பதால் வீட்டில் சொல்லவில்லை. நெறியாளரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக் கல்லூரிக்குப் போகாமல் இருக்கிறேன். ஐந்து வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லை. சில ராத்திரி எதற்கு இருக்கிறோம் என்றுகூடத் தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மாடி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, 'எதற்கு இருக்கிறோம்' என்று, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணம் வருகிற ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவைத் தொட்டு எழுப்பு. காரணம் சொல்ல வேண்டாம், "பயமா இருக்கும்மா" என்று சொன்னால் போதும். வீட்டில் வாய் திறக்க முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசு. டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-க்கும் பேசலாம். லேப்டாப், ஆய்வேடு, பட்டம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்த இதழ் வரும்வரை நீ காத்திருக்கக் கூடாது என்பதால், லேப்டாப் விஷயத்தை உன் முகவரிக்குத் தனியாகத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் என்று அதை இங்கேயும் சொல்கிறேன். என் தங்கை மகன் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன். உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். அவன் சொன்னது இது: நனைந்த லேப்டாப்பை ஆன் பண்ணவே கூடாது, சார்ஜரிலும் போடக் கூடாது. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் உள்ளே இருக்கும் ஈரம் போகாது. லேப்டாப் செத்துவிட்டது என்றால் அதற்குள் இருப்பதும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல லேப்டாப்பில் கோப்புகள் இருக்கும் சேமிப்புத் தட்டு (டிஸ்க்) தனியாகக் கழற்றுகிற மாதிரிதான் இருக்கும். அதைக் கழற்றி வேறொரு உறையில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கலாம். கோப்புகள் அப்படியே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மெல்லிசான சில வகைகளில் மட்டும் அது பலகையோடு சேர்த்துப் பற்ற வைத்திருக்கும், அதற்கு அதில் தேர்ந்தவரிடம் போக வேண்டும். "சரி பண்ணிக் கொடுங்க" என்று கொடுத்துவிடாதே. "உள்ளே இருக்கிறதை எடுத்துக் கொடுங்க, எதையும் அழிக்காதீங்க" என்று வாயால் சொல்லிக் கொடு. நெறியாளருக்கும் தோழிகளுக்கும் நீ முன்பு மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிய பழைய அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்றும் தேடு.

கோப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். ஏனென்றால் எனக்குக் கிடைக்கவில்லை.

1981. அந்த ஜனவரியில்தான் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது. நான் பி.எஸ்சி. தாவரவியல் கடைசி ஆண்டு. எங்கள் வீடு செல்லூரில், ஓட்டு வீடு. அப்பா இல்லை. அம்மா விடிகாலையில் பூச்சந்தைக்குப் போய் உதிரி மல்லிகை வாங்கி வந்து, வாழைநாரில் கட்டி, தெருத்தெருவாக விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். செய்முறைத் தேர்வுக்கு நாங்கள் 30 உலர்தாவரத் தாள்கள் கொடுக்க வேண்டும். செடியைப் பூவோடும் முடிந்தால் காயோடும் பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவில் விரித்து, மேலே கனம் வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்றிக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் செடியின் பெயர், தாவரக் குடும்பம், ஊர், தேதி எழுதி ஒட்டுவது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அலைந்தேன். அழகர்கோவில் அடிவாரம், நாகமலை ஓரம், வைகை மணல், செல்லூர் கண்மாய்க் கரை. தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டை, துத்தி. அழகர்மலைப் பாதையில் ஒரு வேலியில் ஏறிக் கிடந்த செங்காந்தளைக் கண்ட அன்று பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் வெறும் டீ குடித்துவிட்டு, பாதி தூரம் நடந்தே வந்தேன். அந்தத் தாளைத்தான் என் தாள்கட்டுக்குள் முதலாவதாக வைத்திருந்தேன்.

எலிக்குப் பயந்து அந்தத் தாள்கட்டைப் பரண் மேல் வைத்தேன். பங்குனியில் ஒரு ராத்திரி கோடை மழை. பூனை ஓடி ஓடு விலகியிருந்திருக்கிறது. மழை பெய்த சத்தத்தில் எல்லோரும் சுகமாகத் தூங்கினோம். காலையில் பரணிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கட்டை இறக்கி மேல் தாளைத் தூக்கினேன். செங்காந்தள் இதழ் கையோடு வந்தது. பசை கரைந்து, தண்டு வழுக்கி, நீல மையில் எழுதிய பெயர்ச் சீட்டெல்லாம் வெறும் நீலமாக ஓடியிருந்தது. அம்மா "என்னத்தா, நனஞ்சிருச்சா?" என்றார். "லேசாத்தான்மா, காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு அப்படியே சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மூன்று நாள் கல்லூரிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். உன் காய்ச்சல் மாதிரிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழை என் கட்டை நனைத்தது, அவ்வளவுதான். அதை அழித்தது அந்த மூன்று நாள். ஈரத்தோடு அமுக்கி, இருட்டில், சாக்குக்குள் வைத்திருந்ததால் பூஞ்சை பிடித்துவிட்டது. அன்றைக்கே பிரித்துப் போட்டிருந்தால் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

நாலாம் நாள் பெருக்கும்போது அம்மாவுக்கு வாடை அடித்திருக்கிறது. சாக்கை இழுத்துப் பிரித்தார். நான் அழத் தொடங்கினேன். அவர் திட்டவில்லை. "பூவ ஈரத்தோட அமுக்கி வப்பாகளா? பிரிச்சு ஆறப் போடணும்னு உனக்குத் தெரியாது?" என்று மட்டும் கேட்டார். அன்று பூக்கட்ட உட்காரவில்லை. முந்தின நாள் மிச்சத்தை மட்டும் அடுத்த வீட்டு அக்காவிடம் விற்கக் கொடுத்துவிட்டு, தரையில் வேட்டியை விரித்து உட்கார்ந்தார். படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒரு மல்லிகை மொட்டைக் காம்பு ஒடியாமல் எடுக்கத் தெரிந்த விரல்கள். நனைந்த செய்தித்தாளை ஒரு மூலையிலிருந்து தூக்கி, மூச்சுவிடாமல் உரித்துக்கொண்டே போனார். தாளில் இருந்த உலகத் தமிழ் மாநாட்டுப் படங்கள் இலைகளுக்குப் பக்கத்தில் இடவலமாகப் பதிந்திருந்தன. சாயங்காலத்துக்குள் 30-ல் 8 தேறியது.

மறுநாள் மீதியையும் எடுத்துக்கொண்டு துறைப் பேராசிரியரிடம் போனேன். போட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டைப் பார்க்கவே இல்லை. "களக்குறிப்பு நோட்டு எங்கம்மா?" என்றார். அதுவும் கட்டுக்குள் கிடந்து ஊறிய நோட்டுதான். தாள் வீங்கி, அட்டை பிய்ந்து போயிருந்தது. பிரித்தால், ஒவ்வொரு எழுத்தும் இருந்தது. களத்துக்குப் போகும்போது பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று அவர் முதல் வருஷமே சொல்லிவிட்டார். எல்லோரும் மையில் எழுதினால் அழகாக இருக்கும் என்று முணுமுணுத்தோம். பென்சிலில் இருப்பது கரி, தண்ணீரில் கரையாது. எந்தச் செடி, எந்த ஊர், எந்தப் பாலத்துக்குப் பக்கம், என்ன தேதி, பூ என்ன நிறம், பால் வடிந்ததா, எல்லாம் 30-க்கும் இருந்தது. "அப்ப உன் கலெக்‌ஷன் இங்க இருக்கு. தாள்தான் போயிருச்சு" என்றார்.

தேர்வுக்கு 12 நாள் இருந்தது. நோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அழகர்கோவில் வேலிக்குப் போனால் செங்காந்தள் இல்லை. எப்படி இருக்கும்? அது மழைக்காலத்தில் கிளம்பிப் பூத்து, கோடையில் கிழங்காக மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். தாவரவியல் படிக்கிற பெண்ணுக்கு இது தெரியும். ஆனாலும் அந்த வேலிக்கு முன்னால் நின்று, போனது அப்படியே திரும்ப வரும் என்று ஒரு மணி நேரம் தேடினேன். ஐப்பசியில் பறித்ததில் முக்கால்வாசி பங்குனியில் இல்லை.

திரும்பும்போது பஸ் ஜன்னலில் பார்க்கிறேன், கொன்றை பூக்க ஆரம்பித்திருக்கிறது. வேம்பு முழுக்கப் பூ. புங்கம் பூத்து உதிர்கிறது. வாகை, பூவரசு, எருக்கு, ஆவாரை எல்லாம் வழி நெடுக. நாலு மாதம் நடந்த பாதையில் இவை பூக்காமல் நின்றிருந்தன, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பட்டியலை மாற்றினேன். அதே செடி வேண்டாம், அதே குடும்பத்தில் இப்போது பூத்திருப்பது எது என்று பார்த்தேன். எங்களுக்குப் பாடம் பெந்தம், ஹூக்கர் என்ற இருவர் செடிகளைக் குடும்பங்களாகப் பிரித்த வகைப்பாடு. அதில் செங்காந்தள் லிலியேசி குடும்பம், சோற்றுக்கற்றாழையும் அதே குடும்பம். (இப்போது இரண்டையும் வேறு வேறு குடும்பத்தில் வைத்துவிட்டார்கள்.) அடுத்த தெருவில் ஒரு வாசலில் கற்றாழை பூத்தண்டோடு நின்றது. செங்காந்தளுக்குப் பதில் அதை எடுத்தேன். மடலைக் கீறி உள்ளே இருக்கும் சோற்றை வழித்தால்தான் காயும். அம்மாதான் கத்தி பிடித்து வழித்துக் கொடுத்தார்.

பங்குனி வெயில் அந்த நாட்களில் எங்களுக்கு நல்லது செய்தது. செய்தித்தாள்களை மொட்டை வெயிலில் காயப்போட்டுச் சூடாக எடுத்து மாற்றினால் ஐந்தாறு நாளில் செடி காய்ந்துவிடும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கடைசி நான்கைத் தாளுக்கு மேல் பெட்டியை லேசாக வைத்து வைத்து எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மழைக்காலத்தில் நாலு மாதம் இழுத்தது இப்போது 12 நாளில் முடிந்தது என்றால், எந்தச் செடியை எப்படி விரிப்பது என்று கைக்குத் தெரிந்திருந்தது, அதுதான் காரணம். இருந்தாலும் 19-தான் முடிந்தது. பழைய எட்டோடு சேர்த்து 27 தாள். 30 இல்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எட்டு மழைக்காலம், மிச்சமெல்லாம் கோடை. நடுவில என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வீங்கிய நோட்டை வாங்கிப் பிரித்தார். செங்காந்தள் பக்கத்தில் நின்று, இலையைப் பற்றிக் கேட்டார். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்து ஏறும் என்று, தாளில் இல்லாத செடியை விரலாலேயே காட்டினேன். மதிப்பெண் சுமார்தான் வந்தது. மூன்று தாள் குறைந்ததற்குக் குறைத்திருந்தார்கள், அது நியாயம்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நிரப்பிய கேள்வித்தாள்கள் மூட்டையாகக் 'கிடக்கின்றன' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். மகளே, அதுதான் உன் பென்சில் நோட்டு. 120 பெண்கள் உன்னிடம் உட்கார்ந்து சொன்னது அந்த மூட்டையில் இருக்கிறது. அழிந்தது நீ அதை வைத்துப் போட்ட கட்டங்களும் எழுதிய பக்கங்களும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறாய். முதலிலிருந்து என்றால் மறுபடி ஆறு கிராமத்துக்கும் வெயிலில் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, சந்தேகமாகப் பார்க்கிறவர்களிடம் நான் யாரென்று சொல்லி, கடன் எவ்வளவு என்று கேட்பது. அதை நீ செய்ய வேண்டியதில்லை. மூட்டையை இன்றைக்கே பிரித்து ஒன்றிலிருந்து 120 வரை எண் போடு. கல்லூரிக் கணினி அறையில் ஒரு நாளைக்கு 15 தாள் ஏற்றினால் எட்டு நாள். போன தடவை எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டம் என்று யோசித்ததிலேயே உனக்கு வாரங்கள் போயிருக்கும். இந்தத் தடவை அந்த யோசனை தேவையில்லை.

எழுதிய அத்தியாயங்களை வரி வரியாக ஞாபகப்படுத்தி எழுதப் பார்க்காதே. அது நான் வேலிக்கு முன்னால் நின்ற மாதிரி. அந்த வரி திரும்ப வராது, வராத கோபத்திலேயே நாள் போய்விடும். 120 பேரையும் பார்த்து முடித்த ஒருத்தி இப்போது என்ன எழுதுவாளோ அதை எழுது. நூலகத்தில் மாதக்கணக்கில் எடுத்த முன்னாய்வுக் குறிப்புகள் போயிருந்தால் அந்த அத்தியாயம் சிறியதாகத்தான் வரும். வரட்டும். எதைச் சுருக்கலாம், கூடுதல் நாள் கேட்க வழி உண்டா என்பதை நெறியாளர்தான் சொல்ல முடியும். அதற்கு அவருக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டதே, இனி எப்படிச் சொல்வது என்று கூசாதே. நாலாவது வாரம் இன்னும் கஷ்டமாக இருக்கும். லேப்டாப்பையும் ஒரு கட்டுக் கேள்வித்தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போ. மேசையில் இரண்டும் இருந்தால் பேச்சு தானாக வரும்.

அப்பாவிடம் நீ நேராகச் சொல். கடன்பட்டு வாங்கிய சாமான் போனால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும், ஒரு வார்த்தை கடுமையாகவும் சொல்வார். அதைக் கேட்டுக்கொள். மகள் மூன்று வாரமாகக் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்திருந்தாள் என்று வேறு யார் மூலமாவது தெரிந்தால் அதைவிட வலிக்கும்.

நெறியாளரிடம் பேசிய பிறகு எனக்கு ஒரு கார்டு எழுது. காத்திருப்பேன்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பொதுத்தேர்வு நெருங்குகிறது. ஒரு வருஷம் வீண்தானா?
– வாசகர், மேலூர்

பதில்: வீண் இல்லை ஐயா. அவன் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத அனுமதி வாங்கலாம். மருத்துவச் சான்றோடு பள்ளித் தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பியுங்கள், அவர் தேர்வுத் துறைக்கு அனுப்புவார். இன்றே போங்கள், கடைசி நாளில் போய் நின்றால் அலைச்சல். அனுமதி வருவதற்குள் வீட்டில் தினமும் பழக்குங்கள். எழுதிப் பழகிய பிள்ளைக்கு வாயால் விடை சொல்வது வேறு வேலை. கணக்கில் ஒரு படியை எப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக எழுதுவார், படத்தை எப்படி விளக்குவது என்று அவன் தங்கையையோ தம்பியையோ உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு தேர்வு எழுத முடியாமலே போனாலும், முடிவுகள் வந்த பிறகு அதே ஆண்டில் துணைத் தேர்வு நடத்துகிறார்கள்.

இன்னொன்று. "ரோட்டைப் பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா" என்பதை வீட்டில் யாரும் இனிமேல் சொல்ல வேண்டாம். அவன் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் இருப்பான்.

கேள்வி: வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்து சான்றிதழ்கள் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைக்கலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: நேர் வெயில் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், எழுதாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் தனித்தனியாக வைத்து, தாளை அடிக்கடி மாற்றுங்கள். அச்சிட்ட செய்தித்தாளில் வைத்தால் அதன் மை இதில் ஏறிவிடும், என் அனுபவம். முழுக்க அழிந்துபோனதற்குப் படித்த பள்ளி மூலம் மறுபிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் தேர்வெழுதியவர்களுக்கு டிஜிலாக்கர் என்ற அரசு இணையதளத்திலும் மதிப்பெண் சான்றிதழ் கிடைக்கும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. செடிகளைக் காயவைத்து நோட்டில் ஒட்ட ஆசை. எப்படி ஆரம்பிக்க வேண்டும்?
– மாணவி, அலங்காநல்லூர்

பதில்: வா கண்ணு. காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டாம், அங்கே பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். உன் தெருவிலேயே ஆரம்பி. குப்பைமேனி, தும்பை, நித்தியகல்யாணி மூன்றும் போதும். பனி காய்ந்த பிறகு காலையில் பறி. ஒரு இலையையாவது பின்பக்கம் தெரியத் திருப்பி விரி. பழைய செய்தித்தாளில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கு, முதல் வாரம் தினமும் தாளை மாற்று. காய்ந்ததைத் தொட்டால் குளிர்ச்சி தெரியாது, அப்போது ஒட்டலாம். எங்கே பறித்தாய், என்ன தேதி, பூ என்ன நிறம் என்பதை வீட்டுக்கு வந்து எழுதாதே, செடிக்குப் பக்கத்திலேயே நின்று எழுது. பென்சிலால் எழுது.